ஒற்றியூர்ப் பிரயாணம்

காசிக்கு யாத்திரை போகிறவர்கள் இருக்கிறார்கள். ராமேசுவரத்துக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு மோட்டார் சைக்கிளை அதன் ஜன்ம ஸ்தலத்துக்கு அழைத்துக்கொண்டு யாத்திரை போனவர்கள் எத்தனை பேர் என்பது எனக்குத் தெரியாது. சென்ற தை மாதத்தில் நான் போனேன். காஞ்சிபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரையில் சுமார் 100 கிலோமீட்டர். பஸ்ஸில் ஏறினால் அரை நாளில் போய்ச் சேர்ந்துவிடலாம். எனக்கோ புறப்படுவதற்கே ஒரு மாத காலம் பிடித்தது. ஏனென்றால், யாத்திரை போக வேண்டிய ஆசாமி எழுந்திருக்க முடியாத நிலையில் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் கிடந்தார்.

அந்த ஆசாமியின் பெயர் புல்லட். 1974-ஆம் வருஷத்துப் பிறவி. ஒரே ஒரு சிலிண்டர். அதன் உள் விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். கொள்ளளவு 346 கன சென்டிமீட்டர். இந்தக் காலத்து வண்டிகள் வண்டைப் போல் ரீங்காரம் செய்துகொண்டு பறக்கின்றன. இவரோ நிதானப் பிரபு. நின்ற இடத்தில் அவர் விடும் மூச்சை ஒவ்வொன்றாக எண்ணலாம். கியர் வலது காலில். பிரேக்கு இடது காலில். மற்ற வண்டிகளில் பழகியவர்கள் இவர் மேல் ஏறினால், நிற்க வேண்டிய இடத்தில் கியரை மாற்றிவிட்டு, "நிற்கவில்லையே!" என்று அலறுவார்கள்.

என் தகப்பனார் அவரைச் சென்னையில் வாங்கி, அன்றைக்கே காஞ்சிக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். கிராமம் கிராமமாகச் சுற்ற வேண்டிய உத்தியோகம் அவருக்கு. முப்பது வருஷ காலம் செய்யாற்று மணலிலும் உத்திரமேரூர்ச் சாலையிலும் அந்த வண்டி அவரைச் சுமந்தது. பழுது என்று ஒரு நாளும் அதைப் பிறர் கையில் கொடுத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பதற்கு முன்னால் வண்டிக்கு எண்ணெய் போடுவார். பிறகு உத்தியோகம் முடிந்தது, முழங்காலும் தளர்ந்தது. வண்டி கொல்லைக்குப் போயிற்று. அதன் மேல் கோணிப் படுதா விழுந்தது. படுதாவின் மேல் பூனை குடியேறிற்று.

சென்ற கார்த்திகையில் பெங்களூரிலிருந்து ஒரு கனவான் வந்து சேர்ந்தார். பழைய புல்லட்டுகளுக்கு இப்போது மதிப்பு ஏறியிருக்கிறது. படுதாவைத் தூக்கிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், ஒரு தொகையும் சொன்னார். புதிய வண்டி ஒன்று வாங்கினாலும் மிச்சம் இருக்கக்கூடிய தொகை. எனக்கு மனத்தில் சபலம் தட்டிற்று என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

என் தகப்பனாருக்கு இப்போது 78 வயது. காது மந்தம். ஆனால் காரியம் இன்னதென்று அவருக்குப் புரியாமல் போகவில்லை. கனவான் போன பிறகு அவர் சொன்னார்:

"ஓட்டத் தெரிந்தவனுக்கெல்லாம் வண்டி சொந்தம் ஆகாதுடா. பழுது பார்க்கத் தெரிந்தவனுக்குத்தான் சொந்தம். ஒரு மாதம் பொறுத்துப் பார்க்கிறேன். உன் கையால் அதைக் கிளப்பினால் நீ வைத்துக்கொள். இல்லையென்றால் அந்த மனிதருக்கே கொடுத்துவிடு. துருப்பிடித்து நிற்பதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை."

சற்று நேரம் கழித்து இன்னொன்றும் சொன்னார்: "கிளம்பினால், என்னை ஒரு தடவை திருவொற்றியூருக்கு அழைத்துப் போ. வண்டி பிறந்த இடத்தை நான் பார்த்ததே இல்லை."

இப்படியாக நான் மெக்கானிக் ஆனேன்.

முதல் பாடம் ஸ்பானரைத் தொடுவதற்கு முன்பே ஆரம்பித்தது. "கழற்றுகிறது பெரிய வித்தை அல்ல. கழற்றிய வரிசை மறந்து போனால்தான் வித்தை எல்லாம் தெரியும்" என்றார் அப்பா. பழைய செய்தித்தாளை விரித்து, கழற்றிய ஒவ்வொன்றையும் கழற்றிய வரிசையிலேயே வைக்கச் சொன்னார். சிறிய நட்டுகளுக்கும் வாஷர்களுக்கும் சமையலறையிலிருந்து இட்லித் தட்டு வந்தது. ஒரு குழிக்கு ஓர் இடத்து நட்டு. எவ்வளவு அழகான ஏற்பாடு! வரதராஜப் பெருமாளுக்குக் குடலை இட்லி நிவேதனம் செய்யும் ஊரில் இட்லித் தட்டுக்கு இந்தக் கதியா என்று அம்மாவுக்குத்தான் மனத்தாங்கல்.

பிறகு அழுக்கு. பல வருஷத்து அழுக்கை மண்ணெண்ணெயும் பிரஷும் கொண்டு கரைத்தேன். அழுக்கு போகப் போக வண்டியின் சரித்திரம் வெளிவந்தது. பெட்ரோல் டாங்கியின் ஓரத்தில் ஓடும் பொன் கோடு இரு பக்கத்திலும் ஒரே இடத்தில் தேய்ந்திருந்தது. அப்பாவின் முழங்கால்கள் முப்பது வருஷம் உராய்ந்த இடம் அது. வேறு வர்ணம் அடிக்கலாமா என்று கேட்க வாயெடுத்தவன், கேட்காமல் விட்டுவிட்டேன்.

எஞ்சினின் இடப்புறத்தில் ஒரு பெரிய மூடி இருக்கிறது. அதற்குள்ளேதான் கிளட்சும், எஞ்சினிலிருந்து கிளட்சுக்குப் போகும் சங்கிலியும், மின்சாரம் உண்டாக்கும் கருவியும் எண்ணெயில் நனைந்தபடி வாழ்கின்றன. அவ்வளவு பெரிய மூடியை நடுவில் ஒரே ஒரு நட்டுத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது என்றால் நேயர்கள் நம்ப மாட்டார்கள். அதன் விளிம்பில் எண்ணெய் கசிந்தது. நான் என் பலத்தையெல்லாம் கூட்டி நட்டை இறுக்கினேன். கசிவு அதிகமாயிற்று. இன்னும் இறுக்கினேன். அப்பா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "கழுத்தை நெரித்தால் அழுகையா நிற்கும்? பிராணன்தான் போகும்" என்றார். கழற்றிப் பார்த்தால், விளிம்பில் இருந்த ரப்பர் வளையம் கட்டையாக இறுகிப் போயிருந்தது. புது வளையம் போட்டு, கைக்கு அடக்கமாக இறுக்கினேன். மறுநாள் காலையில் கீழே விரித்திருந்த காகிதம் விரித்தபடியே சுத்தமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய தினத்தில்கூட நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

அடுத்தது டேப்பெட். எஞ்சினின் வால்வுகளைத் திறக்கும் தண்டுகள் இரண்டு, சிலிண்டரின் பக்கத்தில் நின்று மேலே போகின்றன. பிஸ்டனை அழுத்த நிலையின் உச்சிக்குக் கொண்டுவந்து, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். இரண்டு விரல்களால் பிடித்துச் சுழற்றினால் தண்டு தடையின்றிச் சுழல வேண்டும். மேலும் கீழும் அசைத்தால் அசையக் கூடாது. இதற்கு அளவுகோல் கிடையாது, விரல்தான் அளவுகோல். இறுகினால் வால்வு சரியாக மூடாது, தளர்ந்தால் தட்டும். என் விரலுக்கு அந்தப் பக்குவம் வருவதற்கு மூன்று சாயங்காலங்கள் சென்றன. அப்பாவின் விரலுக்கு மூன்று விநாடி போதும்.

எல்லாவற்றிலும் நுட்பமான இடம் பாயிண்ட். வலப்புறத்தில் ஒரு சிறிய மூடிக்குள் இரண்டு உலோகப் பொட்டுகள் ஒன்றையொன்று முத்தமிட்டுப் பிரிகின்றன. அவை பிரியும் கணத்தில்தான் பிளக்கில் தீப்பொறி பிறக்கிறது. முழுதும் பிரிந்து நிற்கும்போது இடைவெளி 0.35 மில்லிமீட்டருக்குக் குறையாமலும் 0.40-க்கு மிகாமலும் இருக்க வேண்டும். எந்தக் கணத்தில் பிரியத் தொடங்குகின்றன என்பதைக் கண்ணால் காண முடியாது. அதற்கு அப்பாவின் கருவி ஒரு சிகரெட் தாள். இரண்டு பொட்டுகளுக்கும் நடுவில் தாளைச் செருகி, மெதுவாக இழுத்துக்கொண்டே எஞ்சினைச் சுழற்ற வேண்டும். பிடி விட்டுத் தாள் நழுவும் கணம் எதுவோ அதுதான் பிரியும் கணம். ஆயுளில் ஒரு தடவையும் புகைத்தறியாத என் தகப்பனாரின் கருவிப் பையில் சிகரெட் தாள் மட்டும் எப்போதும் இருந்ததற்குக் காரணம் அன்றைக்குத்தான் விளங்கிற்று.

நான் அக்கறையுடன் எல்லாவற்றையும் துடைத்தேன். பாயிண்டைத் தள்ளும் முட்டுக்குச் சிறிது கிரீஸ் பூச வேண்டும் என்றார் அப்பா. சிறிது பூசினேன். அவர் உள்ளே போனதும், அக்கறை மேலிட்டு இன்னும் கொஞ்சம் பூசினேன். இந்த "இன்னும் கொஞ்சம்" என்பதை நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இருபத்தெட்டாம் நாள் வண்டி கிளம்பிற்று. ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும். பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும் அல்லவா? புல்லட்டை உதைக்கிறதற்கும் ஒரு சாஸ்திரம் உண்டு. சாவியைத் திருப்பி, உதைகோலை மெதுவாக அழுத்தினால், அம்மீட்டர் முள் ஒரு பக்கம் சாயும். பிறகு நடுவுக்கு வரும். காலில் எதிர்ப்புத் தட்டும் இடத்தில், டிகம்பிரஸர் விசையைப் பிடித்து, முள் நடுவுக்கு வரும்படி ஒரு நூல் தள்ளிவிட வேண்டும். பிறகு விசையை விட்டு, உதைகோலை மேலே வரவிட்டு, முழுக் காலால் ஒரே உதை. அவசரப்பட்டு உதைத்தவர்களை அது திருப்பி உதைக்கும். அவசரப்படாதவர்களுக்கு முதல் உதையிலேயே வசப்படும். எனக்கு வசப்பட்டது நாலாவது உதையில். பூனை படுதாவுடன் ஓட்டம் பிடித்தது. அப்பா எழுந்து வந்து, டாங்கியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். காதால் கேட்க முடியாததைக் கையால் கேட்டார் என்றே சொல்ல வேண்டும். "உம்" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை.

தை பிறந்து ஒரு வாரம் ஆனதும், ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் புறப்பட்டோம். இருவர் தலையிலும் ஹெல்மெட். என் பின்னால் அப்பா. அவர் மடியில் கருவிப் பை. வாலாஜாபாத் வரையில் பனி மூட்டம். பாலாற்றுப் பக்கத்திலிருந்து வீசிய காற்று உடம்பை ஊடுருவிற்று. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. பழைய புல்லட்டுக்கு அதுதான் சுகமான நடை. அதற்கு மேல் விரட்டினால் ஓடாது என்பதில்லை. ஆனால் கைப்பிடியும் கால்தாங்கியும் நடுங்கித் தங்கள் ஆட்சேபத்தைத் தெரிவித்துக்கொள்ளும்.

வாலாஜாபாத்தைத் தாண்டிக் கிழக்கே திரும்பினால், வயல்களுக்கு நடுவில் திடீரென்று வேறொரு தேசம் தென்படுகிறது. ஒரகடம்! பெரிய பெரிய தொழிற்சாலைகள், அகன்ற சாலைகள், லாரிகளின் நீண்ட வரிசைகள். ராயல் என்ஃபீல்டு வண்டிகளும் 2013 முதல் இந்த வட்டாரத்தில் செய்யப்படுகின்றன. புத்தம் புதிய மோட்டார் சைக்கிள்களைச் சுமந்த நீண்ட லாரி ஒன்று எங்களைக் கடந்து போயிற்று. ஐம்பது வயதுப் பாட்டனார் ஒருவர், தொட்டிலில் வரிசையாகக் கிடத்தப்பட்ட பேரக் குழந்தைகளைப் பார்ப்பது போல, எங்கள் வண்டி அந்த லாரியைப் பார்த்துவிட்டுத் தன் நடையிலேயே போயிற்று.

இந்த இடத்தில் வம்ச சரித்திரம் கொஞ்சம் சொல்ல வேண்டும். ராயல் என்ஃபீல்டின் பூர்வீகம் இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊர். என்ஃபீல்டில் இருந்த அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைக்குப் பாகங்கள் செய்து கொடுத்ததனால் அந்தப் பெயர் வந்தது. 1901-இல் முதல் மோட்டார் சைக்கிள். 1932-இல் புல்லட் என்னும் பெயர். சுதந்திர இந்தியாவின் ராணுவம் எல்லையைக் காப்பதற்காக 1950-களில் 800 புல்லட்டுகள் கேட்டது. அதையொட்டி 1955-இல் ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து 'என்ஃபீல்டு இந்தியா'வை ஏற்படுத்தின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் அங்கிருந்து வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். 1957-இல் பாகங்களைச் செய்யும் கருவிகளே வந்தன. 1962-க்குள் வண்டி முழுவதையும் இங்கேயே செய்யலானார்கள்.

பிறகு நடந்ததுதான் விசேஷம். 1967-இல் ரெட்டிச் தொழிற்சாலை மூடப்பட்டது. 1970-இல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு உற்பத்தியே நின்றுவிட்டது. தாய் மரம் பட்டுப் போயிற்று. கடல் தாண்டி நட்ட பதியன் மட்டும் வங்கக் கடற்கரை உப்புக் காற்றில் தழைத்து நின்றது. 1977-இல் திருவொற்றியூரில் செய்த புல்லட்டுகள் இங்கிலாந்துக்கே விற்பனைக்குப் போயின. துப்பாக்கி செய்தவர்களின் பெயரைத் தாங்கிய யந்திரம் நம் ஊர்க் கம்மாளர் கையால் அவர்கள் ஊருக்கே திரும்பிப் போன கதையை நினைத்தால், தேசாபிமானம் உள்ள எவருக்கும் உள்ளூர ஒரு புன்னகை தோன்றாமல் இராது.

நானும் அப்படித்தான் புன்னகை செய்துகொண்டு, படப்பைக்குச் சற்று இப்பால் போய்க்கொண்டிருந்தேன். வண்டி பட்டென்று நின்றது.

இறங்கித் தள்ளிக்கொண்டு போய் ஒரு வேப்ப மரத்தடியில் நிறுத்தினேன். உதைத்தேன், உதைத்தேன், இன்னும் உதைத்தேன். வேர்வை கொட்டியதுதான் மிச்சம். பெட்ரோல் வரவில்லை போலிருக்கிறது என்று கார்புரேட்டரில் கை வைக்கப் போனேன். அப்பா என் தோளைத் தொட்டார்.

"எப்படி நின்றது? இருமி இருமி நின்றதா? ஒரேயடியாக நின்றதா?"

"ஒரேயடியாக" என்று உரக்கக் கத்தினேன்.

"பெட்ரோல் இல்லாத வண்டி இருமும், திணறும், பிறகுதான் நிற்கும். மின்சாரம் போன வண்டிதான் விளக்கை அணைத்தாற்போல் நிற்கும். முள்ளைப் பார்."

சாவியைத் திருப்பி, உதைகோலை மெதுவாக அழுத்திப் பார்த்தேன். அம்மீட்டர் முள் சாயவே இல்லை. நடுவிலேயே தியானத்தில் இருந்தது. அப்படியென்றால் பாயிண்டின் வழியாக மின்சாரம் பாயவில்லை. மூடியைக் கழற்றினேன். "இன்னும் கொஞ்சம்" என்று நான் பூசிய கிரீஸ், எஞ்சின் சூட்டில் உருகித் தெறித்து, இரண்டு பொட்டுகளுக்கும் நடுவில் ஆடையாகப் படிந்திருந்தது!

வெட்கத்தினால் நான் வாய் திறக்கவில்லை. அப்பா எட்டிப் பார்த்தார். அவரும் ஒன்றும் சொல்லவில்லை. தோளில் இருந்த துண்டின் ஓரத்தைக் கிழித்து நீட்டினார். சாவியை அணைத்துவிட்டு, துண்டைப் பெட்ரோலில் நனைத்துப் பொட்டுகளைத் துடைத்தேன்; முட்டில் மிகுந்திருந்த கிரீஸை வழித்தெடுத்தேன்; கடைசியில் சிகரெட் தாளைக் கொடுத்து இழுத்தேன். தாள் வெள்ளையாக வந்தது. ஈரம் காயட்டும் என்று ஐந்து நிமிஷம் காத்திருந்தோம். முள் சாய்ந்தது, நடுவுக்கு வந்தது. ஒரே உதை!

வண்டியில் ஏறும்போது அப்பா என் காதருகில் சொன்னார்: "நானும் முதல் வருஷத்தில் இதே மாதிரி பூசினேன். உத்திரமேரூர்ச் சாலையில் நின்றேன்."

தாம்பரத்திலிருந்து நகரத்தின் நெரிசல். அதைப் பற்றி எழுதி நேயர்களை வருத்த விரும்பவில்லை. தென்னிந்தியாவின் முதல் பிரயாணிகள் ரயில் 1856-இல் புறப்பட்ட ராயபுரம் நிலையத்தைக் கடந்து, காசிமேட்டு மீன் வாசனையைக் கடந்து, நடுப்பகல் வேளையில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையை அடைந்தோம். தொழிற்சாலை மதிலுக்கு எதிரே வண்டியை நிறுத்தினேன். உள்ளே போக எங்களுக்கு அனுமதி இல்லை; நாங்கள் கேட்கவும் இல்லை. அப்பா இறங்கி, ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கோயில் கோபுரத்தைப் பார்ப்பது போல அந்த மதிலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

டாங்கியின் மேல் ஓடும் பொன் கோடுகளை இந்தத் தொழிற்சாலையில் வெகு காலம் கையாலேயே எழுதினார்கள். அளவுகோல் வைக்காமல், தூரிகையை ஒரே இழுப்பில் இழுத்து எழுதுவார்கள். எங்கள் வண்டியில் தேய்ந்துபோன கோட்டை எழுதிய கை எதுவோ? அந்தக் கை இன்று இருக்கிறதோ, இல்லையோ? அப்பா அந்தக் கோட்டின் மேல் விரலை ஓட்டினார். வேறு வர்ணம் அடிக்காமல் விட்டேனே என்று எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

எதிரே நின்றபோது என் மனத்தில் ஒரு பழைய சமாசாரம் வந்தது. 1929-இல் காந்தி மகாத்மாவின் யோசனைப்படி அகில பாரத சர்க்கா சங்கத்தார், சிறந்த ராட்டினம் ஒன்றைக் கண்டுபிடிப்பவருக்கு ஒரு லட்சம் ரூபாய் பரிசு தருவதாக அறிவித்தார்கள். அதற்கு விதித்த நிபந்தனைகளைப் பாருங்கள்: அந்த யந்திரம் இந்தியாவிலேயே செய்யக்கூடியதாக இருக்க வேண்டும், விலை 150 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது, அவ்வப்போது கவனித்து வந்தால் குறைந்தது 20 வருஷம் உழைக்க வேண்டும், தேய்ந்த பாகங்களை மாற்றும் செலவு வருஷத்துக்கு விலையில் நூற்றுக்கு ஐந்தைத் தாண்டக் கூடாது. நம் நாட்டில் செய்தது என்பதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. நெடுங்காலம் உழைக்குமா, குறைந்த செலவில் அதைப் பேணிக்கொள்ள முடியுமா என்றும் கேட்டார்கள். செய்வது பாதி சுதேசியம். பேணுவது மற்றப் பாதி. முதல் பாதிக்கு ஆலைகள் வேண்டும், மூலதனம் வேண்டும். மற்றப் பாதிக்கு ஓர் இட்லித் தட்டும், மண்ணெண்ணெயும், பொறுமையும் இருந்தால் போதும். அதைத்தான் நாம் சீக்கிரம் மறந்துவிடுகிறோம்.

கோயிலுக்குப் போனோம். தியாகராஜரையும் வடிவுடையம்மனையும் தரிசனம் செய்துகொண்டோம். பிறகு கடற்கரைப் பக்கம் பட்டினத்தார் சமாதிக்கு நடந்தோம். காதில்லாத ஊசி ஒன்றைக் கண்ட மாத்திரத்தில் கோடி திரவியத்தையும் உதறிவிட்டுப் போனவர் அந்த மகான். நானோ ஒரு மாத காலமாகக் கார்புரேட்டர் ஊசி ஒன்றுடன் போராடியிருந்தேன். அதற்கும் காது கிடையாது! ஆனால் எனக்கு வைராக்கியம் பிறக்கவில்லை, பற்றுத்தான் பிறந்தது. மகான் மன்னிக்க வேண்டும்.

சமாதிக்கு அருகில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். "இந்த ஊருக்கு ஒற்றியூர் என்று ஏன் பெயர் தெரியுமா?" என்று கேட்டார் அப்பா. பிரளய வெள்ளத்தை ஒற்றி நிறுத்திய தலம் என்பது புராணம். ஆனால் புலவர்கள் வேறு விதமாகப் பரிகாசம் செய்வார்கள்: சிவபெருமானுக்குச் சொந்த வீடு கிடையாது, ஒற்றிக்கு வாங்கிய ஊரில் குடியிருக்கிறார் என்று.

"ஒற்றி நிலத்தை உழலாம், விளைவிக்கலாம், சாப்பிடலாம். ஆனால் விற்க முடியாது. பாழாக்கவும் கூடாது. ஒரு நாள் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்" என்றார் அப்பா. ஊர்ப் பெயரைப் பற்றித்தான் பேசுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ராயபுரத்தில் என் அத்தை வீட்டில் இரவு தங்குவதாக ஏற்பாடு. இருட்டும் நேரத்தில் புறப்பட்டோம். ஒற்றியூர் எல்லையைத் தாண்டிச் சிறிது தூரம் வந்திருப்போம். முன் விளக்கு அணைந்துவிட்டது! தெருவிளக்கின் கீழே ஓரமாக நிறுத்தினேன். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். காரணம் எனக்குப் பிறகுதான் புரிந்தது. சுந்தரமூர்த்தி சுவாமிகள் இந்த ஊர் மகிழ மரத்தடியில் சங்கிலியாருக்கு, "உன்னைப் பிரியேன்" என்று சத்தியம் செய்து கொடுத்தார். திருவாரூர் நினைவு வந்ததும் சத்தியத்தை மறந்து புறப்பட்டார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போய்விட்டன.

விளக்குக் கூட்டை அவிழ்த்துப் பார்த்தேன். நான் பூட்டிய கம்பி ஒன்று, திருகாணி தளர்ந்து நழுவியிருந்தது. இந்தத் தடவை அப்பா இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை, யோசனையும் சொல்லவில்லை. நானே கண்டுபிடித்து, நானே திருப்புளியால் முடுக்கினேன். வெளிச்சம் வந்தது.

"சுந்தரருக்கு ஒரு கண் கிடைப்பதற்குக் காஞ்சிபுரம் வரையில் நடக்க வேண்டியிருந்தது. நம் வண்டிக்கு வழியிலேயே கிடைத்துவிட்டதே!" என்றார் அப்பா. பிறகு மடியில் இருந்த கருவிப் பையை எடுத்து, என் தோளில் மாட்டிவிட்டார்.

மறுநாள் மத்தியானம் காஞ்சி வந்து சேர்ந்தோம். திங்கட்கிழமை காலையில் பெங்களூர்க் கனவான் டெலிபோனில் கூப்பிட்டார். தொகையை இன்னும் கொஞ்சம் உயர்த்தியிருப்பதாகச் சொன்னார். நான் பதில் சொல்வதற்குள் அப்பா என் கையிலிருந்து டெலிபோனை வாங்கிக்கொண்டார். அவர் பேசுவது எதுவும் தமக்குக் கேட்காது என்பதைப் பற்றிச் சிறிதும் கவலைப்படாமல், உரத்த குரலில் சொன்னார்:

"மன்னிக்க வேண்டும் ஐயா. வண்டி ஒற்றியில் இருக்கிறது. விற்பதற்கில்லை."